எண்பத்தெட்டில் நின்றுவிடுகிறது

எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. வீட்டைச் சூடாக்குகிற பொயிலரின் முன்பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த அந்தச் சின்னச் சிவப்பு எண்ணைப் பார்த்தபடி தயாபரன் குசினி நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தான். காலை எட்டு மணியிலிருந்து இது ஐந்தாவது தடவை. பொத்தானை அமத்தினால் குப்பென்று பற்றிக்கொள்கிறது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆறேழு நிமிடத்துக்குள் மளமளவென்று சூடு ஏறி எண்பத்தெட்டுக்குப் போகிறது. போனதும் டக்கென்று தன்னைத்தானே அணைத்துக்கொண்டு, விளக்கை இரண்டு தரம் சிமிட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறது. பிறகு அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும், மறுபடி அமத்த வேண்டும், மறுபடி எண்களை எண்ண வேண்டும். இவ்வளவு சூடு ஏறியும் வீட்டில் ஒரு அறையிலாவது ரேடியேற்றர் சுட்டால் என்ன? எல்லாம் பச்சைத்தண்ணியாகக் கிடக்கின்றன. வெளியே லண்டன் நியூ மோல்டனின் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டு வெள்ளைக்காரர் காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைக் கரகரவென்று சுரண்டிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து. ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால், கம்பளிச் சால்வையால் தலையையும் மூடிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்ற சுகிர்தா, அவன் மனைவி, இருபத்துநாலு வருடத்து மனைவி, சர்வசாதாரணமாகச் சொன்னாள்: “நவநீதனுக்கு ஒருக்கா போன் எடுத்துப் பாப்பமே?” அவனும் சர்வசாதாரணமாகத்தான் சொன்னான்: “பொறும். நான் பாக்கிறன்.” அவள் போய்விட்டாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் எழுபத்தாறு, எழுபத்தேழு என்று கண்கள் எண்ணிக்கொண்டிருக்க, உள்ளே வேறொன்று சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டிருந்தது. நவநீதனுக்கு. நவநீதன் அண்ணைக்கு என்று ஏன் சொல்லவில்லை? கடைக்காரச் சிவநேசனை அண்ணை என்கிறாள், அவன் இவளைவிட இரண்டு வயது இளமை. கோயிலில் தேங்காய் அடுக்குகிறவர் அண்ணை. மகனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய் விட்ட வாடகைக் காரோட்டி, கண்டு ஐந்து நிமிடமாகவில்லை, அண்ணை. நாற்பது தாண்டிய தமிழ் ஆம்பிளை எவனைக் கண்டாலும் தன்பாட்டில் அண்ணை போட்டுக்கொள்கிற வாய், இந்த ஒருவனிடத்தில் மட்டும் வெறும் பேரைச் சொல்லிவிட்டு நிற்கிறது. ஒருகாலத்தில் மாப்பிள்ளையென்று பேசின ஆளை அண்ணை என்று கூப்பிட நாக்கு வளையாதாக்கும். ஒருநாள் நினைத்த மனம் அதை மறக்காதாக்கும். தயாபரன் பார்சல் பிரிக்கிற இடத்தில் மேற்பார்வை பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தான். நீதிமன்றத்தில் நின்று வழக்குப் பேசியிருக்க வேண்டிய ஆள்.

எல்லாம் அந்தக் கலியாண வீட்டோடு தொடங்கினது. போன புரட்டாதியில், ரொறன்ரோவிலிருந்து வந்து நின்ற சுகிர்தாவின் அக்கா பவளராணியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போயிருந்தார்கள். வடையும் கேசரியும் ஒரு கடதாசித் தட்டில் வந்தன. பவளராணி திடீரென்று தங்கையின் கையைக் கிள்ளி, “அங்க பாரடி ஆர் நிக்கிறதெண்டு. உனக்கு முதல் பேசின மாப்பிள்ளை,” என்றாள். புருஷன்காரன் பக்கத்தில் இருக்கிறானே என்று ஒரு கூச்சம் வேண்டாமா? பவளராணிக்குக் கூச்சமெல்லாம் பிறப்பிலேயே கிடையாது. தயாபரன் திரும்பிப் பார்த்தான். சாம்பல் நிறக் கோட்டில், தலை கொஞ்சம் நரைத்த, நெடுத்த ஒரு ஆள் பந்தலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சுகிர்தாவும் பார்த்தாள். அரைவாசி வடை கையில். “ஓமென்ன,” என்றாள். “மெலிஞ்சு போனார்.” அவ்வளவுதான். மீதி வடையைச் சாப்பிட்டாள். மெலிஞ்சு போனார். எழுபத்தொன்பது. ஒரு ஆள் மெலிந்து போனார் என்று சொல்வதானால் முன்னால் எவ்வளவு இருந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். பேச்சுக்கால் நடந்த காலத்தில் இவள் இணுவிலில், அவன் லண்டனில், நேரில் கண்டிருக்க வழியில்லை, அப்படியானால் படம். அவனுடைய படம் இவள் வீட்டுக்கு வந்திருக்கிறது. வந்ததை இவள் பார்த்திருக்கிறாள். சும்மா பார்த்ததல்ல, இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு மண்டபத்தில் சனத்துக்குள் நிற்கும்போது மெலிந்ததா பெருத்ததா என்று நிறுத்துச் சொல்லக்கூடிய அளவுக்குப் பார்த்திருக்கிறாள். வடிவான ஆள்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும், மெலிந்தும் வடிவாகத்தான் இருக்கிறான். தயாபரன் கேசரியை அப்படியே வைத்துவிட்டான். காரில் வரும்போது, பவளராணியை இறக்கிவிட்ட பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “அது ஏனப்பா சரிவரேல்லை?” என்று கேட்டான். “செவ்வாயாம்,” என்றாள் அவள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. பிறகு, “மனிசி செத்துப்போய் ரெண்டு வருசமாம். பவளம் சொன்னவ. பாவம்,” என்றாள். உமக்குச் சம்மதமாய் இருந்ததோ, என்பதுதான் அடுத்த கேள்வி. அது நாக்கின் நுனிவரை வந்தது. அன்றைக்கு வந்தது, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வந்தது, தேத்தண்ணிக் கோப்பையை வாங்கும்போது, சப்பாத்துக் கயிறு கட்டும்போது, அவள் பக்கத்தில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது. ஒருநாளும் வெளியே வரவில்லை. ஓம் என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? இல்லை என்று சொன்னால் அதை எப்படி நம்புவது?

எண்பத்திரண்டு. ஏழில் செவ்வாய். சுகிர்தாவுக்கும் ஏழில், தயாபரனுக்கும் ஏழில். அவனுக்குப் பேசின ஒன்பது இடமும் அந்தச் செவ்வாயாலேயே தட்டிப்போய், அம்மா அவனைப் பார்க்கிற போதெல்லாம் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த காலத்தில், இணுவிலில் இதே குற்றத்தோடு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கிறாளாம் என்று தரகர் வந்து சொன்னார். செவ்வாயைச் செவ்வாயால் வெட்டினால் குற்றமில்லை. சாதகக்காரர் கட்டங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடவுளாய்ப் பொருத்தின பொருத்தம் என்றாராம். இதைத் தயாபரன் இருபத்துநாலு வருடமாகப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன். இப்போது அதே கதை புரண்டு படுத்துவிட்டது. அவன் மாப்பிள்ளையாக வந்தது எதனால்? படித்ததாலா, வடிவாலா, குணத்தாலா? ஒரு கிரகத்தால். நவநீதனுக்கு அந்தக் கிரகம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தால் இந்தக் குசினியில் இந்த நேரத்தில் நிற்பது அவனாக இருந்திருக்கும், நின்றால் இப்படிச் சப்பாணி கட்டி எண் பார்த்துக்கொண்டிருக்கவும் மாட்டான், மூடியைக் கழற்றி இரண்டு நிமிடத்தில் சரிப்பண்ணியிருப்பான், ஏனென்றால் அந்த மனிசனின் தொழிலே இது. இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பொயிலர் என்றால் நவநீதன்தான். அந்தக் கலியாண வீட்டில் அவன் எல்லாருக்கும் கொடுத்த காந்த அட்டை ஒன்று, பேரும் நம்பரும் போட்டது, பவளராணியின் கைவழியாக இந்த வீட்டுக்கும் வந்து குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டது. தயாபரன் அதை ஒருநாள் கீழே, கால் மட்டத்தில் ஒட்டினான். மறுநாள் அது பழைய இடத்தில், மகனுடைய பள்ளிக்கூடப் படத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. குனிந்து வேலை செய்ய இடைஞ்சலாக இருந்ததால் அவள் மேலே ஒட்டியிருக்கலாம். இருக்கலாம். எண்பத்தாறு. எண்பத்தேழு. நிற்காதே, இந்தமுறை நிற்காதே. எண்பத்தெட்டு. டக். சிவப்பு விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது. தயாபரன் வாய்க்குள் ஒரு தூஷணம் சொன்னான்.

எழும்பி, முழங்கால் இரண்டும் சத்தம் போட, அவன் மறுபடி குழாய்களைத் தொட்டுப் பார்த்தான். பொயிலரின் தலையிலிருந்து மேலே போகிற குழாய் கை வைக்க முடியாமல் கொதித்தது. திரும்பி வருகிற குழாய் குளிர்ந்து கிடந்தது. போகிறது, ஆனால் வரவில்லை. கைத்தொலைபேசியில் காலையிலிருந்து நாலு தரம் பார்த்த வீடியோவில் தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் ஆறுதலாக விளக்கியிருந்தார்: சூடு உண்டாக்குவது மட்டும்தான் இதனுடைய வேலை, அதை வீடு முழுக்கக் கொண்டுபோவது தண்ணியின் வேலை, தண்ணி ஓடாவிட்டால் சூடு போக இடமில்லாமல் உள்ளேயே நின்று ஏறும், ஏறி, வெடித்துவிடாமல் இருக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆகவே பொயிலரைக் குறை சொல்லாதீர்கள், அதற்கு அப்பால் எங்கே அடைத்திருக்கிறது என்று தேடுங்கள். இதைக் கேட்டபோது தயாபரனுக்குத் தன்னைப்பற்றி ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவன் சின்னச் சாவியை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு ரேடியேற்றரின் காதிலும் போட்டுத் திருகிக் காற்று இருக்கிறதா என்று பார்த்தான். காற்றில்லை, குளிர்தண்ணி பீச்சி அடித்து அவன் பெனியனை நனைத்ததுதான் மிச்சம். என்னால் ஏலாததில்லை, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நேற்றுச் சாமி அலுமாரிக்குள் தண்ணி சொட்டினதை நிறுத்தினது ஆர்? அவன்தான். எந்த நவநீதனும் வரவில்லை. சுகிர்தாவே பின்னால் நின்று பார்த்துவிட்டு, “பரவாயில்லையே,” என்றாள். அந்தப் பரவாயில்லையே அவனுக்கு நேற்றுப் பின்னேரம் முழுக்க இனித்தது. கடைக்குப் போய்வரும்போது கூட வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டு வந்தான்.

“எடுத்திட்டன்,” என்ற குரல் பின்னால் கேட்டது. திரும்பினான். சுகிர்தா சால்வையைக் கழற்றியிருந்தாள். தலை இழுத்து வாரிக் கொண்டை போட்டிருந்தது. பொட்டு புதிதாக இருந்தது. வீட்டுச் சட்டைக்கு மேல், கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடுகிற அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டை.

“ஆருக்கு எடுத்தனீர்?”

“வேற ஆருக்கு, நவநீதனுக்குத்தான். பத்தரைக்குள்ள வாறாராம். ஞாயிற்றுக்கிழமையெண்டும் பாராமல் வாறார், நல்ல மனுசன்.”

“நான் பாக்கிறன் எண்டு சொன்னனான் எல்லே?”

“நீங்கள் பாத்துக்கொண்டுதானேயப்பா இருக்கிறியள், ரெண்டு மணித்தியாலமா. எனக்குக் கை காலெல்லாம் விறைக்குது. பெனியனையும் நனைச்சுப் போட்டியள். மாத்துங்கோ, தடிமன் பிடிக்கப்போகுது.”

அவள் அலுமாரியைத் திறந்து கோப்பைகளை இறக்கினாள். வழக்கமான கோப்பைகள் அல்ல, கரையில் தங்கக்கோடு போட்ட ஆறு. அவை வெளியே வருவது வருடத்தில் இரண்டு தரம் இருக்கும். தயாபரனுக்குப் பத்தி எரிந்தது. நல்ல மனுசன். பச்சைச் சட்டை. தங்கக்கோடு. வீட்டுக்கு ஆள் வந்தால் எந்தப் பொம்பிளையும் தலை வாரத்தான் செய்வாள், நல்ல கோப்பை எடுக்கத்தான் செய்வாள், இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா என்ன, தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? போன மாதம் கழுவும் இயந்திரம் திருத்த வந்த போலந்துக்காரனுக்கு எந்தக் கோப்பையில் கொடுத்தாள்? கைபிடி உடைந்ததிலா? ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இப்போது அது மட்டும் தெரிந்தால் போதும் போல இருந்தது. அவன் வந்து, அந்த நெடுத்த உடம்பை மடக்கி இந்த இடத்தில் குந்தி, மூடியைக் கழற்றி, அது சின்னப் பிழைதான் என்று சொல்லிச் சிரித்து, வீடு சூடாகி, இவள் கை இரண்டையும் ரேடியேற்றரில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். வீட்டுக்காரன் பெனியன் நனைந்து ஒரு மூலையில் நிற்பான். இனி இது ஒருநாளோடு முடியாது. வருடாவருடம் பரிசோதிக்க வருவான். தண்ணி சொட்டினால் வருவான். சொட்டாவிட்டாலும் இந்தப் பக்கம் வந்தனான் என்று வருவான். தனிக்கட்டை, கேட்க ஆளில்லை. தயாபரன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். பத்து மணிக்கு ஐந்து நிமிடம். முப்பத்தைந்து நிமிடம் இருக்கிறது. அதற்கு அப்பால் தேடுங்கள் என்றாரே தாடிக்காரர். அப்பால் என்றால் எது? இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினான்.

மேல்மாடி நடையில், சுடுதண்ணித் தாங்கி இருக்கிற அலுமாரிதான் அவர்களுடைய சாமி அறை. வேறு இடமில்லை, தவிர, வீட்டில் கதகதப்பான மூலை அது ஒன்றுதான், பிள்ளையாருக்குக் குளிரக்கூடாது என்று வீடு வாங்கின வருடமே சுகிர்தா அங்கே பலகை அடித்து அவரையும் முருகனையும் லட்சுமியையும் குடியேற்றிவிட்டாள். பலகைக்குக் கீழே தாங்கி, தாங்கிக்குப் பக்கத்தில், வீடு முழுக்கத் தண்ணியைத் தள்ளுகிற பம்ப். கதவைத் திறந்தான். திருநீற்று வாசம் வந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, மெல்ல முனகிக்கொண்டு. கையை வைத்தான். கொதித்தது. அதற்கு இந்தப் பக்கத்துக் குழாயைத் தொட்டான், கொதித்தது. அந்தப் பக்கத்துக் குழாயைத் தொட்டான். ஐஸ். இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு, வால்வின் முகத்தில் ஸ்க்ரூட்ரைவர் போடுகிற ஒரு பிளவு, பிளவின் கரையில் பளபளவென்று புதிய கீறல்கள். தயாபரன் அந்தக் கீறல்களைப் பார்த்தான். நேற்றுப் பின்னேரம் விளக்கு வைக்கப் போன சுகிர்தா, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் தண்ணி சொட்டுதப்பா, ஆருக்கும் ஒருக்கா காட்டவேணும் என்றாள். ஆருக்கும் என்றால் ஆருக்கு? அந்த ஆர் ஆரென்று அவனுக்குத் தெரியாதா? அவள் தொலைபேசியை எடுப்பதற்கு முன்னால், பறந்தடித்துக்கொண்டு ஸ்க்ரூட்ரைவரோடு வந்து, இறுக்காத ஆணி போலக் கிடந்த இந்தப் பிளவைக் கால்வாசி திருகி இறுக்கினான். சொட்டு நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? தண்ணி ஓடுகிற வழியையே பூட்டிவிட்டால் சொட்டு எங்கிருந்து வரும்? தாடிக்காரர் வீடியோவின் கடைசியில், பிளவு குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் பூட்டு என்று காட்டினதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. குறுக்கே இருந்தது. நவநீதன் வரக்கூடாது என்று திருகினதுதான் அவனை வரவழைத்திருக்கிறது. சுகிர்தாவின் கையைக் காலையிலிருந்து விறைக்க வைத்தது இவன்தான், நவநீதனுக்குத் தொலைபேசி எடுக்க வைத்ததும் இவன்தான், பச்சைச் சட்டை போட வைத்ததும், தங்கக்கோட்டுக் கோப்பையை இறக்க வைத்ததும் இவன்தான். முகம் சுட்டது. பிள்ளையாரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. காற்சட்டைப் பையில் ஸ்க்ரூட்ரைவர் இருந்தது, போட்டான், திருப்பினான். சுவருக்குள் ஏதோ தொண்டையைச் செருமுவது போலக் கேட்டது, பிறகு குபுகுபுவென்று தண்ணி ஓடியது. வால்வின் கழுத்தில் ஒரு துளி திரண்டு, விழுந்தது. பிறகு இன்னொன்று. பஞ்சாமிர்தம் கரைக்கிற சில்வர் பேணியை எடுத்து அதற்குக் கீழே வைத்தான். நடையிலிருந்த ரேடியேற்றர் டிக், டிக் என்றது. வெட்கம் எங்கோ போய்விட்டது. நான் திருத்திவிட்டேன். அவன் வருவதற்குள் நான் திருத்திவிட்டேன்.

கீழே போய்ப் பொயிலரின் பொத்தானை அமத்தினான். அறுபது. அறுபத்துமூன்று. அறுபத்தைந்து. அறுபத்தைந்திலேயே நின்றது. அணைந்து நிற்கவில்லை, எரிந்துகொண்டே அதே எண்ணில் நின்றது. முன்னறையிலிருந்து சுகிர்தா கத்தினாள், “இஞ்சாருங்கோ, சுடுது! ரேடியேற்றர் சுடுது!” ஓடி வந்து அவள் அவனுடைய நனைந்த தோளைப் பிடித்துக் குலுக்கினாள். “எப்பிடியப்பா செய்தனீங்கள்?”

“அது... மேல போய் ஒண்டைத் திருப்பினனான்,” என்றான் தயாபரன். பொய்யில்லை. “இனி அந்தாளுக்குச் சொல்லும், வரவேண்டாமெண்டு. ஏன் வீணா அலையவேணும்?”

“வாசலில நிக்குதே, அவற்ற வான்.”

வந்துவிட்டான். பத்தரைக்குள் என்றவன் பத்தேகாலுக்கே வந்துவிட்டான். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒதுக்கி வைத்தான். “வணக்கம் அண்ணை,” என்று தயாபரனுக்கும், “வணக்கமக்கா, குளிருக்க கஷ்டப்பட்டுப் போனியள் போல,” என்று சுகிர்தாவுக்கும் சொன்னான். அக்கா! தயாபரனின் நெஞ்சுக்குள் யாரோ விசிறி போட்டுவிட்டது மாதிரி இருந்தது. அவனுடைய நாக்கு நன்றாக வளைகிறது, ஒரு முறிவும் இல்லாமல் வளைகிறது. நவநீதன் எண்ணைப் பார்த்தான், போகிற குழாயைத் தொட்டான், வருகிற குழாயைத் தொட்டான், “இது வேலை செய்யுதே அண்ணை,” என்றான். பம்பைப் பார்க்கவேண்டுமென்று மேலே போனான். அலுமாரியைத் திறந்ததும் சாமிகளைக் கண்டு கைகூப்பிவிட்டு, பிறகு குனிந்தான். சொட்டுக்குக் கீழே இருந்த பேணியைப் பார்த்தான். வால்வைப் பார்த்தான். புதிய கீறல்களின் மேல் பெருவிரலை வைத்து ஒருதரம் தடவினான். தலையைத் திருப்பித் தயாபரனை நிமிர்ந்து பார்த்தான். எல்லாம் தெரிந்துவிட்டது. சொல்லப்போகிறான், பின்னால் சுகிர்தா நிற்கிறாள், சொல்லித்தான் விடப்போகிறான். “ஒண்டுமில்லையக்கா,” என்றான் நவநீதன். “குழாய்க்க காத்து அடைச்சிருக்கு. அண்ணை எடுத்துவிட்டிட்டார். இந்தச் சொட்டை மட்டும் நான் பாக்கிறன்.” ஒரு சாவியை எடுத்து வால்வின் கழுத்தைச் சற்று இறுக்கினான். சொட்டு நின்றது. இதைத் தயாபரன் எதிர்பார்க்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் வெறுத்திருக்கலாம். காப்பாற்றிவிட்டானே பாவி, இனி எந்த முகத்தோடு அவனை வெறுப்பது? நல்ல மனுசன் என்று அவள் சொன்னது உண்மையாகப் போய்விட்டதே என்ற அந்த எரிச்சல்தான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது.

குசினி மேசையைச் சுற்றி மூன்று பேரும் இருந்தார்கள். தங்கக்கோட்டுக் கோப்பைகளில் தேத்தண்ணி ஆவி பறந்தது. நவநீதன் தன் வேலையைப்பற்றிக் கதைத்தான், குளிர் வந்தால் மூச்சு விட நேரமில்லை என்றான், செத்துப்போன மனைவி செய்கிற மாதிரி இஞ்சி போட்ட தேத்தண்ணி என்று மெதுவாகச் சொன்னான், பிறகு பேச்சை மாற்றுகிறவன் போலக் கேட்டான்: “அக்காவை எந்த இடம்?”

“இணுவில்,” என்றாள் சுகிர்தா. தயாபரன் கோப்பையை இறுக்கிப் பிடித்தான்.

“இணுவிலோ?” நவநீதன் சிரித்தான். “எனக்கும் ஒருக்கா இணுவிலில ஒரு பகுதி பேசினவை. செவ்வாயெண்டு விட்டாச்சு. இப்ப ஆர் எவரெண்டும் ஞாபகமில்லை. அந்த நேரம் அம்மா எத்தினை சாதகம், எத்தினை படம் அனுப்பினவ! எல்லா முகமும் ஒண்டுபோலத்தான் இருந்தது.”

“அப்பிடியோ,” என்றாள் சுகிர்தா. சிரித்தாள். பிறகு கைத்துணியை எடுத்து மேசையின் ஓரத்தைத் துடைக்கத் தொடங்கினாள். அங்கே ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. தயாபரனுக்கு அந்தத் துடைப்புத் தெரியும். கலியாணமாகி வந்த முதல் மாதத்தில், பவளராணி மாதிரிக் கலகலப்பில்லை இந்தப் பிள்ளை என்று அவன் அம்மா நாலு பேருக்கு முன்னால் சொன்னபோது இப்படித்தான் துடைத்தாள். நோகும்போது அவள் அழமாட்டாள், சுத்தமான இடத்தைத் துடைப்பாள். இவன் சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. நாலு மாதமாக நித்திரையில்லாமல் காத்துக் கிடந்த சேதியே இதுதான்: அவனுக்கு இவளை ஞாபகமே இல்லை. தயாபரன் சந்தோஷமும் பட்டான், ஒரு மிடறு தேத்தண்ணி விழுங்குகிற நேரம். மிடறு கீழே இறங்கினதும் ஏதோ குப்பென்று பற்றிக்கொண்டது. எல்லா முகமும் ஒன்றுபோலவா? இந்த முகமுமா? ஆரடா நீ, இந்த முகத்தைப் பார்த்துவிட்டு மறந்துபோக உனக்கு என்ன தகுதி? அவள் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கதை கதைக்கிறீர்?” என்றான் தயாபரன். தன்னுடைய குரல் தனக்கே பிடிபடவில்லை. “ஞாபகமில்லையோ? தபாற்கந்தோர் ஒழுங்கை, சின்னத்துரை வாத்தியாற்ற கடைசி மகள். நீலச் சீலையில, இடப்பக்கம் கொஞ்சம் திரும்பி நிண்டு எடுத்த படம். காதுக்குப் பக்கத்தில ஒரு மயிர் கலைஞ்சு பறந்துகொண்டிருக்கும். உமக்கும் அந்தப் படம்தான் வந்திருக்கும், எனக்கும் அதுதான் வந்தது. நான் அதைச் சட்டைப் பொக்கற்றுக்க வைச்சு, இவ விசா எடுத்து வந்து இறங்கிற வரைக்கும், பதினொரு மாசம், வேலைக்குப் போற பஸ்ஸிலயும் எடுத்துப் பாத்துக்கொண்டு திரிஞ்சனான். தெரியுமோ? முகமெல்லாம் ஒண்டுபோலவாம்! இவதான் அது. இந்தா இருக்கிறா. வடிவாப் பாரும்.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. நவநீதன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வாய் கொஞ்சம் திறந்திருக்க, சுகிர்தாவைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கிற பார்வையல்ல. ஒரு முகத்தை முதல்தரமாகப் பார்க்கிற பார்வை. ஐயோ, என்றது தயாபரனின் மனம், என்ன வேலை பார்த்தாய்? நாலு மாதமாக எது இந்த வாசற்படி தாண்டக்கூடாது என்று காவல் கிடந்தானோ அதைத் தன் வாயாலேயே கூப்பிட்டு, கதிரை போட்டு இருத்திவிட்டான். நவநீதனின் கண்கள் எவ்வளவு நேரம் அங்கே நிற்கின்றன என்று அவன் எண்ணத் தொடங்கினான். ஒன்று. இரண்டு. மூன்று. எடுக்கிறானில்லையே. நாலு. இமைக்கக்கூட இல்லையே. ஆனால் சுகிர்தா நவநீதனைப் பார்க்கவில்லை. கையில் அந்தத் துணியோடு, கண் கலங்கி, அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது தன் புருஷனைத்தான். தயாபரன் அதைக் காணவில்லை. அவன் மற்றவனுடைய கண்ணைப் பார்த்து ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டிருந்தான்.